வேம்பயர் காதல் நாவல்கள்: பிடிக்கவும் செய்கிறது, நெருடவும் செய்கிறது (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

ட்வைலைட் வரிசையைப் படித்துவிட்டு ‘இது காதலா, கட்டுப்பாடா?’ என்று குழம்புகிறவர்களுக்கும், அவர்களுடைய பெற்றோர், ஆசிரியர், நூலகர்களுக்கும் இந்தப் பக்கம். கதையின் முடிவுவரை எல்லாமே பேசப்படுகிறது. இன்னும் படிக்காதவர்கள் படித்துவிட்டு வருவது நல்லது.

எந்த நாவல்களைப் பற்றிப் பேசுகிறோம்?

ஸ்டெஃபனி மேயர் எழுதிய ட்வைலைட் 2005 அக்டோபரில் வந்தது. நியூ மூன் 2006, எக்லிப்ஸ் 2007, பிரேக்கிங் டான் 2008. படங்கள் ஐந்து, 2008 முதல் 2012 வரை. ஆண் பெண் பாத்திரங்களை இடம் மாற்றி முதல் நாவலையே திரும்ப எழுதிய லைஃப் அண்ட் டெத் 2015இல் வந்தது. அதே கதையை எட்வர்டின் வாயால் சொல்லும் மிட்நைட் சன் 2020இல்.

கதை சுருக்கமாக: பதினேழு வயது பெல்லா, ஃபீனிக்ஸிலிருந்து வாஷிங்டன் மாநிலத்தின் ஃபோர்க்ஸ் என்ற மழைக்கார ஊருக்கு வருகிறாள். அப்பா சார்லி அங்கே போலீஸ் தலைமை அதிகாரி. உயிரியல் வகுப்பில் பக்கத்து இருக்கைக்காரன் எட்வர்ட் கல்லன். 1901இல் பிறந்தவன், 1918இல் ஸ்பானிஷ் காய்ச்சலில் சாகக் கிடந்தபோது, ரத்தம் குடித்துச் சாகாமல் வாழும் வேம்பயராக மாற்றப்பட்டவன். விலங்கு ரத்தத்தோடு நிறுத்திக்கொள்ளும் குடும்பம் அவனுடையது. ஆனால் பெல்லாவின் ரத்த வாசனை மட்டும் அவனைப் பைத்தியமாக்குகிறது. எல்லோர் மனதையும் படிக்க முடிந்த அவனுக்கு அவள் மனம் மட்டும் கேட்பதில்லை. மூன்றாவது ஆள், ஓநாயாக மாறும் ஜேக்கப் பிளாக்.

எட்வர்ட் செய்வதில் குறிப்பாக எது பிரச்சினை?

‘டாக்ஸிக்’ என்று ஒரே சொல்லில் முடிப்பதைவிட, செய்த காரியங்களை வரிசையாக வைத்துப் பார்ப்பது நல்லது.

முதல் நாவலில் அவன் பல வாரங்களாக, ஏறக்குறைய எல்லா இரவும், அவள் அறைக்குள் வந்து அவள் தூங்குவதைப் பார்க்கிறான். அவளுக்குத் தெரியாது. போர்ட் ஏஞ்சலஸுக்குத் தோழிகளோடு போகும்போது பின்தொடர்கிறான். ரத்தப் பரிசோதனை வகுப்பில் மயங்கியவளை, அவள் தன் வண்டிக்குப் போகப் பார்க்கும்போது, ஜாக்கெட்டைப் பிடித்து இழுத்துத் தன் காரில் ஏற்றுகிறான். நியூ மூனில் அவளைக் கேட்காமலே பிரிவை முடிவு செய்கிறான். தான் கொடுத்த பரிசுகளையும் தன் படங்களையும்கூட அவள் கண்ணில் படாமல் அவள் அறையின் தரைப்பலகைக்கு அடியில் மறைத்துவிட்டுப் போகிறான்.

எக்லிப்ஸில் வருவதுதான் உச்சம். ஜேக்கப்பைப் பார்க்க அவள் கிளம்புகிறாள், வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை. திரும்பினால் பக்கத்து இருக்கையில் எட்வர்ட், கையில் எஞ்சினிலிருந்து கழற்றிய ஒரு சின்ன பாகம். காலையில் பள்ளிக்கு வேண்டுமென்றால் மாட்டித் தருகிறானாம். அடுத்து, தான் வேட்டைக்குப் போகும் நாட்களில் அவளை வீட்டிலேயே வைத்திருக்கத் தங்கை ஆலிஸை ஏவுகிறான். கூலி ஒரு மஞ்சள் போர்ஷே கார்.

வேம்பயர் என்ற சொல்லை எடுத்துவிட்டு இந்தப் பட்டியலை ஒரு குடும்பநல ஆலோசகரிடம் நீட்டினால், அவர் இரண்டாம் வரியிலேயே பேனாவை எடுத்துவிடுவார். அமெரிக்காவின் டுலூத் நகரில் 1980களில் உருவாக்கப்பட்டு இன்றும் பல நாடுகளில் பயன்படும் ‘அதிகாரமும் கட்டுப்பாடும்’ என்ற சக்கரப் படத்தில், தனிமைப்படுத்துவது, எங்கே போகலாம் யாரைப் பார்க்கலாம் என்று தீர்மானிப்பது, செய்ததைச் சிறிதாக்கிப் பேசுவது எல்லாம் ஆரங்களில் இருக்கின்றன.

ஆனால் அவன் அவளைக் காப்பாற்றத்தானே அதையெல்லாம் செய்கிறான்?

கதைக்குள் அது உண்மை. போர்ட் ஏஞ்சலஸில் அவன் பின்தொடராமல் இருந்திருந்தால் அந்த நான்கு ஆண்களிடம் அவள் சிக்கியிருப்பாள். பள்ளி வாகன நிறுத்தத்தில் டைலரின் வேன் சறுக்கி வந்தபோது அவன் கையால் தடுத்திராவிட்டால் செத்திருப்பாள். சந்தேகமே வேண்டாம்.

சிக்கல் அங்கேதான். அந்த ஆபத்துகளை வைத்தது கதாசிரியர். கட்டுப்பாடு ஒவ்வொன்றுக்கும் முன்போ பின்போ ஒரு கொலைகாரன், ஒரு விபத்து, ஒரு வேம்பயர் படை வந்து ‘அவன் செய்தது சரி’ என்று சாட்சி சொல்லிவிட்டுப் போகிறது. நிஜத்தில் கட்டுப்படுத்துகிறவனும் இதே வாதத்தைத்தான் வைப்பான்: ‘உலகம் கெட்டுக் கிடக்கிறது, உனக்குத் தெரியாது.’ வித்தியாசம், அவன் சொல்லும் வேம்பயர் படை வருவதே இல்லை.

இரண்டாவது உத்தரவாதம் இன்னும் நுட்பமானது. எட்வர்டின் மனம் நமக்குத் தெரியும், அவன் நூறு சதவீதம் உண்மையானவன், ஒருநாளும் மாறமாட்டான். அவன் இனமே அப்படி, ஒருமுறை காதல் வந்தால் கல்வெட்டு. அதனால் பொறாமைகூட ஆபத்தாகத் தெரிவதில்லை. நிஜத்தில் பதினேழு வயதுப் பையன் யாரிடமும் இந்த உத்தரவாதச் சீட்டு கிடையாது.

நாவல் இதைத் தெரியாமல் செய்கிறதா, தெரிந்தே செய்கிறதா?

தெரிந்தே என்றுதான் பிரதி சொல்கிறது. அவன் பின்தொடர்ந்தான் என்று தெரிந்ததும், இது தன்னை உறுத்த வேண்டுமோ என்று பெல்லாவே யோசிக்கிறாள். உறுத்தவில்லை, உள்ளூர மகிழ்ச்சியாக இருக்கிறது. இரவில் வந்துபோனான் என்று தெரியும்போதும் கோபப்பட முயல்கிறாள், குரலில் கோபம் வரமாட்டேன் என்கிறது, பெருமையாக இருக்கிறது. அவளுடைய உண்மையான கவலை, தூக்கத்தில் என்ன உளறினோம் என்பது!

அதாவது கேள்வி எழுப்பப்படுகிறது, உடனே ஓரம் கட்டப்படுகிறது. கதையின் பெரும்பகுதியை ‘நான்’ என்று பெல்லாவே சொல்வதால் வேறு யாரும் அந்தக் கேள்வியைத் திரும்ப எடுப்பதில்லை. சார்லிக்குத் தெரியாது, தோழி ஏஞ்சலாவிடம் சொல்வதில்லை. ஒரு பதின்மூன்று வயது வாசகி பெல்லாவின் தலைக்குள் உட்கார்ந்திருக்கும்போது, அவளுக்கும் கேள்வி அந்த வேகத்தில்தான் கடந்துபோகும்.

சில விமர்சனங்கள் தவறவிடும் ஒன்றையும் சொல்ல வேண்டும். எஞ்சின் பாகத்தைக் கழற்றிய அந்த இரவு, நான் வர வேண்டாம் என்றால் ஜன்னலை மூடிவிடு என்கிறான் எட்வர்ட். அவள் படாரென்று மூடுகிறாள். கொஞ்ச நேரம் அந்த மூடிய ஜன்னலையே பார்க்கிறாள். பிறகு பெருமூச்சு விட்டு, முடிந்த அளவு அகலமாகத் திறந்து வைக்கிறாள். கோபம் ஒரு நிமிடம்கூட நிற்காத அந்தக் காட்சி, முழு வரிசையிலேயே மிகத் துல்லியமாக எழுதப்பட்ட ஒன்று. அதே நாவலில் பின்னால் எட்வர்ட் மாறவும் செய்கிறான். தடுப்பது தப்பு என்று ஒப்புக்கொண்டு, ஜேக்கப்பிடம் அவனே கூட்டிக்கொண்டுபோய் விடுகிறான். இதைச் சொல்லாமல் அவனைத் திட்டினால், படித்த பிள்ளை உங்களைப் படிக்காதவர் என்று முடிவுகட்டிவிடும்.

இவ்வளவு இருந்தும் ஏன் இத்தனை பெண்களுக்குப் பிடித்தது?

முட்டாள்தனத்தால் பிடித்தது என்று நினைப்பவர்கள் இந்தக் கேள்விக்கு விடை கண்டுபிடிக்கப் போவதில்லை.

முதலாவது, பார்க்கப்படுவது. பெல்லா தன்னைச் சாதாரணமானவள், தடுக்கி விழுகிறவள் என்று நினைக்கிறாள். எல்லோர் மனதையும் அலுக்க அலுக்கக் கேட்ட ஒருவனுக்கு இவள் மட்டுமே புதிர். ‘என்ன யோசிக்கிறாய்?’ என்று அவன் திரும்பத் திரும்பக் கேட்கிறான். பிடித்த பாட்டு, பிடித்த கல், அம்மா எப்படி என்று நாள் முழுக்கக் கேள்வி கேட்கிறான். வீட்டிலும் வகுப்பிலும் யாரும் இப்படிக் கேட்காத வயதில் இது எவ்வளவு பெரிய கனவு!

இரண்டாவது, ஆசை பெண்ணிடம் இருக்கிறது. இந்த வரிசையில் உடலைத் தேடுகிறவள் பெல்லா, ‘பொறு’ என்கிறவன் எட்வர்ட். திருமணத்துக்கு முன் வேண்டாம் என்பது அவன் நிபந்தனை. வழக்கமான இளைஞர் கதைகளில் வாயிற்காவல் வேலை பெண்ணின் தலையில் இருக்கும். இங்கே அவள் பயமில்லாமல் ஆசைப்படலாம், அவன் எல்லை மீறமாட்டான். மேயர், திருமணத்துக்கு முன் உடலுறவு கூடாது என்னும் மார்மன் சமயத்தவர் என்பதை இதோடு சேர்த்துப் பேசுவார்கள். பொருந்தக்கூடியதுதான், ஆனால் வேறு சமயத்துப் பெண்களுக்கும் பிடித்ததை அது விளக்காது. அதேசமயம், வேகத்தை எப்போதும் அவனே தீர்மானிக்கிறான் என்பதும் உண்மை. ஒரே காட்சி பாதுகாப்பாகவும் கட்டுப்பாடாகவும் தெரிகிறது என்றால் நீங்கள் சரியாகப் படித்திருக்கிறீர்கள்.

மூன்றாவது, முதல் காதலின் அளவு. அந்த வயதில் ஒருவர் திரும்பிப் பார்க்காவிட்டால் சாவுதான். பெரியவர்கள் சிரிப்பார்கள். இந்த நாவல் சிரிக்கவில்லை, ‘ஆமாம், சாவுதான்’ என்று பல்லும் ரத்தமுமாக ஒப்புக்கொள்கிறது.

நியூ மூனில் பிரிவுக்குப் பிறகு வருவது ஆபத்தானதா?

வரிசையிலேயே கவனமாகக் கையாள வேண்டிய நாவல் இது. எட்வர்ட் போனதும் அக்டோபர், நவம்பர், டிசம்பர், ஜனவரி என்று மாதப் பெயர் மட்டும் போட்ட வெற்றுப் பக்கங்கள் வருகின்றன. மனச்சோர்வைக் காட்டும் உத்தியாக அபாரம். மகளை அம்மாவிடம் அனுப்பலாமா என்று சார்லி தவிப்பதும் நன்றாக எழுதப்பட்டிருக்கிறது.

அதன் பிறகுதான் கோளாறு. ஆபத்தில் இறங்கினால் எட்வர்டின் குரல் கேட்கிறது என்று கண்டுபிடிக்கிறாள். மோட்டார் சைக்கிளை வேகமாக ஓட்டுகிறாள், குன்றிலிருந்து கடலில் குதிக்கிறாள். அவள் இறந்துவிட்டதாக நம்பி எட்வர்ட் தன்னைக் கொல்லச் சொல்லி, வேம்பயர்களின் ஆட்சியாளர்களைத் தேடி இத்தாலியின் வோல்டெராவுக்குப் போகிறான். கடைசியில் சேர்ந்துவிடுகிறார்கள். தன்னைத்தானே ஆபத்துக்கு உள்ளாக்கியதன் பலன், போனவன் திரும்பி வந்தான்! இந்தச் சமன்பாட்டைத்தான் பேச வேண்டும். பிரிவில் இருக்கும் பிள்ளை இந்த நாவலைத் திரும்பத் திரும்பப் படித்தால், புத்தகத்தைப் பறிக்க வேண்டாம். ‘தூங்குகிறாயா, சாப்பிடுகிறாயா, சாக வேண்டும் என்று தோன்றியதா?’ என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது.

அப்படியானால் ஜேக்கப் நல்ல மாற்று இல்லையா?

நியூ மூன் முடியும்வரை ஆமாம். கேரேஜில் பழைய மோட்டார் சைக்கிளைப் பிரித்துப் போட்டுக்கொண்டு, சூடான சோடா குடித்துக்கொண்டு, அவளைச் சிரிக்க வைக்கும் பையன். அவனோடு இருக்கும்போது அவளுக்கு ஒரு வாழ்க்கை இருக்கிறது.

எக்லிப்ஸில் அவள் விருப்பமில்லாமல் பிடித்து முத்தமிடுகிறான். அவள் குத்துகிறாள், அவன் தாடையில் பட்டு அவள் கைதான் உடைகிறது. வீட்டுக்கு வந்ததும் விஷயம் தெரிந்த சார்லி, ‘பரவாயில்லையே!’ என்ற தொனியில் ஜேக்கப்பைப் பாராட்டுகிறார். பெண்ணின் அப்பா, அதுவும் போலீஸ் அதிகாரி! பின்னால், சண்டையில் வேண்டுமென்றே செத்துப்போவேன் என்று மிரட்டி இரண்டாவது முத்தத்தை அவளிடமே கேட்க வைக்கிறான். அந்த முத்தத்தில்தான் தனக்கும் காதல் இருப்பது அவளுக்குத் தெரிகிறதாம்.

‘டீம் எட்வர்ட், டீம் ஜேக்கப்’ என்று பனியன் விற்ற காலத்தில் இந்தக் காட்சிகள் பெரிதாகப் பேசப்படவில்லை. எங்கள் கணிப்பில் எஞ்சினைக் கழற்றியதைவிட இது மோசம், ஏனென்றால் ‘வேண்டாம்’ என்பதற்குப் பின்னால் ஒரு ‘வேண்டும்’ ஒளிந்திருக்கிறது என்று கதையே நிரூபித்துக் காட்டுகிறது. தமிழ் சினிமாவில் துரத்தித் துரத்திக் காதலிக்கும் நாயகனைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்தத் தர்க்கம் புதிதல்ல.

ஓநாய்களின் ‘இம்ப்ரின்ட்’ விவகாரம்?

ஓநாயாக மாறுகிறவன் ஒருத்தியைப் பார்த்த கணத்தில் ஆயுளுக்கும் அவளோடு கட்டுண்டுவிடுவான் என்பது விதி. சாம், லியாவின் காதலன், அவளுடைய உறவுக்காரி எமிலியைப் பார்த்ததும் மாறிவிடுகிறான். ஒருமுறை கோபத்தில் ஓநாயாக மாறும்போது எமிலியின் முகத்தைக் கிழித்துவிடுகிறான். ஊருக்குக் கரடி தாக்கியதாகச் சொல்லப்படுகிறது. எமிலி சிரித்த முகத்தோடு எல்லோருக்கும் மஃபின் சுட்டுக் கொடுக்கிறாள். தழும்பைப் பார்த்து முறைக்காதே, சாமுக்கு வருத்தமாக இருக்கும் என்று பெல்லாவிடம் முன்கூட்டியே சொல்லிவைக்கிறார்கள். யாருடைய முகம், யாருடைய வருத்தம் என்று இந்த ஒரு காட்சியை வைத்தே ஒரு வகுப்பு நடத்தலாம்.

குயில் என்ற பையன் இரண்டு வயதுக் குழந்தை கிளேர்மீது இம்ப்ரின்ட் ஆகிறான். ஜேக்கப், பெல்லாவுக்கும் எட்வர்டுக்கும் பிறந்து சில நிமிடங்களே ஆன மகள் ரெனெஸ்மிமீது. இப்போது அண்ணன்போல, பிறகு தோழன்போல, வளர்ந்த பிறகே காதல் என்பது நாவலின் சமாதானம். ரெனெஸ்மி ஏழு ஆண்டுகளில் முழு வளர்ச்சி அடைந்துவிடுவாள் என்று வேறு சேர்த்துக்கொள்கிறது. குழந்தையை ஒருவன் பாசம் காட்டி வளர்த்து, பின்னால் துணையாக்கிக்கொள்வது என்ற வடிவம்தான் நெருடல். கிளேருக்கு இருபது வயதில் வேறு ஒருவனைப் பிடித்தால் என்ன ஆகும் என்ற கேள்விக்கு, இவ்வளவு நேசத்தை யார்தான் மறுப்பார்கள் என்பதைத் தாண்டிக் கதையில் பதில் இல்லை.

பிரேக்கிங் டானில் தேனிலவுக் காட்சி வன்முறையா?

விருப்பத்தோடு நடந்தது. ஆனால் காலையில் அவள் உடம்பெல்லாம் கன்றிப்போயிருக்கிறது, கிழிந்த தலையணைப் பஞ்சும் இறகும் எங்கும். அவன் குற்ற உணர்ச்சியில் கரைகிறான், அவள் ‘எனக்கு ஒன்றுமில்லை’ என்று அவனைத் தேற்றுகிறாள். காயம்பட்டவள் காயப்படுத்தியவனுக்கு ஆறுதல் சொல்லும் இந்த அமைப்பு, வீட்டு வன்முறையை அறிந்தவர்களுக்கு உடனே கண்ணில் படும்.

கர்ப்பம் இன்னும் சிக்கல். குழந்தை உள்ளிருந்தே அவள் விலா எலும்பை உடைக்கிறது. கலைத்துவிடலாம் என்று எட்வர்டும் அவனுடைய வளர்ப்புத் தந்தையும் மருத்துவருமான கார்லைலும் முடிவு செய்கிறார்கள். பெல்லா மறுத்து, கல்லன் குடும்பத்து இன்னொரு வேம்பயரான ரோசலியைத் துணைக்கு அழைக்கிறாள். நான்கு நாவல்களிலும் அவள் தன் முடிவில் அசையாமல் நிற்கும் பெரிய தருணம் இது. உயிரைக் கொடுத்துத் தாய்மையைத் தேர்வதாக அது அமைந்ததை ஒரு சாரார் தியாகப் பிரச்சாரம் என்கிறார்கள், இன்னொரு சாரார் அவள் உடல், அவள் முடிவு என்கிறார்கள். இரண்டுக்கும் பிரதியில் இடம் இருக்கிறது. இடம் இல்லாத ஒன்று: குழந்தைதான் வேண்டுமென்றால் நீ கொடு என்று எட்வர்ட் அவளைக் கேட்காமலே ஜேக்கப்பிடம் பேரம் பேசுவது.

எட்வர்டின் வயது பற்றி ஏன் யாரும் கவலைப்படுவதில்லை?

கவலைப்படுகிறார்கள். ஆனால் எண் மட்டும் விஷயமில்லை. பதினேழில் உறைந்தவன் என்று கதை சொல்வதால் பலர் விட்டுவிடுகிறார்கள். பார்க்க வேண்டியது அனுபவத்தின் ஏற்றத்தாழ்வு: அவனிடம் பணம், இரண்டு மருத்துவப் பட்டங்கள், ஒரு நூற்றாண்டு, அவளிடம் ஒரு பழைய டிரக். தகராறு வந்தால் யார் சொல்வது நடக்கும் என்று கேட்டால் போதும்.

பெல்லாவே விரும்பித்தானே எல்லாம்? அது பெண்ணியம் ஆகாதா?

பெண்ணியத்தின் அடித்தளம் தேர்வு செய்யும் உரிமை, பெல்லா தேர்வு செய்கிறாள் என்பதுதான் மேயரின் வாதம். ஆபத்தில் மாட்டும் பெண் என்று குறை சொல்லாதீர்கள், அவள் ஆபத்தில் மாட்டிய மனிதப்பிறவி என்றும் வாதிட்டார். அதை நிரூபிக்கத்தான் லைஃப் அண்ட் டெத்தில் பெல்லாவை போ என்ற பையனாகவும் எட்வர்டை ஈடித் என்ற பெண்ணாகவும் மாற்றினார். சோதனை பாதிதான் வெற்றி. அறைக்குள் வந்து பார்ப்பவள் ஈடித் என்றாலும் காட்சி உறுத்தத்தான் செய்கிறது, வேறு விதத்தில். தொந்தரவு பாலினத்தில் மட்டும் இல்லை, அனுமதி கேட்காததில் இருக்கிறது என்று அந்த நூல் தன்னையறியாமல் காட்டிவிடுகிறது.

தேர்வு செய்கிறாள் என்பது சரி. எதிலிருந்து தேர்வு செய்கிறாள்? கல்லூரி ஒரு சாக்காகவே பேசப்படுகிறது, தோழிகள் மங்கிப்போகிறார்கள், தொழில் கனவு எதுவும் இல்லை. வரிசையில் மாற்றுக் குரல் ஒன்றே ஒன்று, ரோசலி. 1933இல் நிச்சயிக்கப்பட்ட மாப்பிள்ளையாலேயே கூட்டாளிகளோடு சேர்ந்து சிதைக்கப்பட்டு, தெருவில் விடப்பட்டவள். வேம்பயராகாதே, எனக்குக் கிடைக்காத வாழ்க்கை உனக்குக் கையில் இருக்கிறது என்கிறாள். பெல்லா கேட்டுக்கொள்கிறாள், அவ்வளவுதான். எக்லிப்ஸின் அந்த அத்தியாயத்தைப் படிக்காமல் தாண்டிவிடாதீர்கள்.

மிட்நைட் சன் படித்தால் எட்வர்ட்மீது மதிப்பு கூடுமா?

புரிதல் கூடும், மதிப்பு உங்களைப் பொறுத்தது. முதல் நாள் வகுப்பிலேயே, அவள் ரத்தத்துக்காக அறையில் இருக்கும் எல்லோரையும் எந்த வரிசையில் கொல்லலாம் என்று கணக்குப் போடுகிறான். இரவில் வரும்போது ஜன்னல் கிறீச்சிடாமல் இருக்க எண்ணெய் கொண்டுவந்து போடுகிறான். தன்னைத்தானே கடுமையாகக் கண்டித்துக்கொள்கிறான், அடுத்த இரவும் வருகிறான். வருந்துவது வேறு, நிறுத்துவது வேறு என்பதற்கு இதைவிட நல்ல பாடப்பகுதி கிடைக்காது.

ஓநாய்ப் பையன்கள் பழங்குடியினர் என்பதும் பேச வேண்டிய விஷயமா?

கட்டாயம். குயிலூட் மக்கள் ஃபோர்க்ஸுக்கு அருகே லா புஷ் கடற்கரையில் உண்மையாகவே வாழ்கிறவர்கள். அவர்களுடைய தோற்றக் கதையில் ஓநாய் உண்டு. வேம்பயர்களோடு ஒப்பந்தம், இம்ப்ரின்ட் எல்லாம் நாவலாசிரியரின் கற்பனை. வெள்ளைக் குடும்பம் பணக்கார, அடக்கமான நாகரிகமாகவும், பழங்குடிப் பையன்கள் சட்டையில்லாத, கோபம் வந்தால் உருமாறும் உடல்களாகவும் வருவது தற்செயல் என்று ஒதுக்க முடியாது. சியாட்டிலின் பர்க் அருங்காட்சியகம் அந்த மக்களோடு சேர்ந்து உண்மைத் தகவல்களைத் தொகுத்து வெளியிட்டது. சுனாமி அபாயத்திலிருந்து மேட்டு நிலத்துக்குப் போக அவர்களுக்கு நிலம் தரும் சட்டம் 2012இல்தான் வந்தது. ‘டீம் ஜேக்கப்’ பனியன் போட்டவர்களில் எத்தனை பேர் அதைக் கவனித்தார்களோ.

எல்லா வேம்பயர் காதலும் இப்படித்தானா?

இல்லை. 1997 முதல் 2003 வரை ஒளிபரப்பான பஃபி என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரில், நல்லவனாக இருந்த வேம்பயர் ஏஞ்சல், நாயகி பஃபியோடு நெருக்கமான ஓர் இரவுக்குப் பிறகு கொடூரனாக மாறுகிறான். கதை அதை ஆபத்தாகவே காட்டுகிறது, அவளும் சண்டை போடுகிறாள். ரிச்செல் மீட் 2007இல் தொடங்கிய வேம்பயர் அகாடமியில் நாயகி ரோஸ் தன்னைத்தானே காத்துக்கொள்கிறவள், தோழிக்காக உயிரையே கொடுப்பவள். ஆனால் அவளுக்குப் பதினேழு, காதலன் அவளைவிட ஏழு வயது மூத்த பயிற்சியாளன். இது தப்பு என்று இருவருமே பேசிக்கொள்கிறார்கள் என்பது ஒரு முன்னேற்றம்.

எந்த வயதில் படிக்கலாம்? தடுக்கலாமா?

முதல் நாவல் பன்னிரண்டு, பதின்மூன்றில் பரவாயில்லை. நியூ மூன், எக்லிப்ஸ் பதினான்கை ஒட்டி. பிரேக்கிங் டான் பதினைந்து, பதினாறுக்கு முன் வேண்டாம். பிரசவக் காட்சியே பெரியவர்களுக்குக் கனமானது. வரிசையாக இருப்பதால் ஒரே விடுமுறையில் நான்கையும் முடித்துவிடுவார்கள், இடையில் பேச நேரம் கிடைக்காது. ஒரு நாவலுக்கும் அடுத்ததற்கும் நடுவே இரண்டு மூன்று வாரம் வேறு புத்தகம் கொடுத்துப் பாருங்கள்.

தடை வேலைக்கு ஆகாது. அமெரிக்க நூலகச் சங்கத்தின் அதிக எதிர்ப்பு பெற்ற நூல்கள் பட்டியலில் 2009இலும் 2010இலும் இந்த வரிசை இருந்தது, வாசிப்பு குறையவில்லை. தடுத்தால் படிப்பது நிற்காது, உங்களிடம் சொல்வதுதான் நிற்கும்.

மகளிடமோ மாணவர்களிடமோ எப்படிப் பேசுவது?

முதலில் நீங்கள் படியுங்கள், குறைந்தது முதல் நாவலையாவது. ‘இவனெல்லாம் ஒரு ஹீரோவா’ என்று தொடங்காதீர்கள். ‘உனக்கு எந்தக் காட்சி ரொம்பப் பிடித்தது?’ என்று கேட்டு, பதிலை மறுக்காமல் கேளுங்கள். அடுத்த நாள் வேறு ஒரு கேள்வி: ‘உன் தோழி இதே மாதிரி ஒன்றைச் சொன்னால் அவளுக்கு என்ன சொல்வாய்?’ தன்னைப் பற்றிக் கேட்டால் மூடிக்கொள்ளும் பிள்ளை, தோழியைப் பற்றிக் கேட்டால் தெளிவாகப் பேசும். பத்து நிமிடத்துக்கு மேல் இழுக்க வேண்டாம். வண்டியில் போகும்போது, பாத்திரம் துடைக்கும்போது என்று முகத்துக்கு முகம் பார்க்காத நேரம் உகந்தது.

வகுப்பிலோ வாசிப்பு வட்டத்திலோ எட்டிலிருந்து பன்னிரண்டு பேர், நாற்பது நிமிடம் போதும். எஞ்சின் காட்சியின் இரண்டு பக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் பத்து நிமிடம், நடந்த செயல்களை மட்டும் எழுதச் சொல்லுங்கள்: கழற்றினான், உட்கார்ந்திருந்தான், மூடினாள், திறந்தாள். ‘அன்பாக’, ‘அழகாக’ எதுவும் கூடாது. அடுத்த பத்து நிமிடம் எட்வர்டுக்குப் பதில் பிளஸ் டூ படிக்கும் சாதாரணப் பையனை வைத்து, எந்தச் செயலுக்கு இன்னும் நியாயம் மிஞ்சுகிறது என்று குறிக்கட்டும். மிச்ச நேரத்தில் அதே காட்சியைச் சார்லியின் பார்வையிலோ தோழியின் பார்வையிலோ அரைப் பக்கம் எழுதி வாசிக்கலாம்.

கெடுவது பெரும்பாலும் மூன்று இடத்தில். ஆசிரியர் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுவார், பிள்ளைகள் அதையே எழுதித் தருவார்கள். பையன்கள் ‘பெண்கள் புத்தகம்’ என்று கிண்டல் செய்வார்கள். அவர்களுக்கு ஜேக்கப்பின் முத்தக் காட்சியைக் கொடுத்து, அந்த இடத்தில் நல்ல நண்பன் என்ன செய்திருப்பான் என்று எழுதச் சொல்லுங்கள். மூன்றாவது, யாராவது தன் சொந்த அனுபவத்தைச் சொல்லத் தொடங்கிவிடுவார்கள். குழுவுக்கு முன் துருவக் கூடாது. நன்றி சொல்லிவிட்டு, முடிந்ததும் தனியாகப் பேசுங்கள்.

படித்துவிட்டால் மோசமான காதலைத் தேடுவார்களா?

ஒரு புத்தகம் ஒரு பிள்ளையை அப்படி மாற்றிவிடாது. வீட்டில் பார்ப்பது, தோழிகள் சொல்வது, யாரிடம் பேச முடிகிறது என்பதெல்லாம் அதைவிடக் கனமானவை. புத்தகம் செய்வது, ஏற்கெனவே காற்றில் இருக்கும் ஒரு நம்பிக்கைக்கு அழகான முகம் கொடுப்பது. பொறாமை என்றால் பாசம் என்று நம்பும் ஊரில் அந்த முகம் சுலபமாக ஒட்டிக்கொள்ளும்.

இப்போது மறுபடி படித்தால் கூச்சமாக இருக்கிறது. இன்னும் பிடிக்கவும் செய்கிறது. தப்பா?

தப்பில்லை. ரசிப்பதற்கும் ஒப்புக்கொள்வதற்கும் தனித்தனிக் கணக்கு.

நிஜத்திலேயே ஒருவன் இப்படி நடந்துகொண்டால்?

அவனோடு வாதாடித் திருத்த வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. தெரியாதவனோ முன்னாள் காதலனோ பின்தொடர்ந்தால், ‘இனி தொடர்பு கொள்ளாதே’ என்று ஒரே ஒருமுறை, தெளிவாக, எழுத்தில் அனுப்புங்கள். சிரிப்புக் குறி, ‘ஸாரி’, காரணம் எதுவும் வேண்டாம். அதன் பிறகு பதிலே போடாதீர்கள். முப்பதாவது செய்திக்குப் பதில் போட்டால், முப்பது அனுப்பினால் பதில் வரும் என்று அவன் கற்றுக்கொள்வான். செய்திகளை அழிக்காமல், எண்ணும் தேதியும் நேரமும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து நம்பிக்கையான ஒருவருக்கு அனுப்பி வையுங்கள். இந்தியாவில் பாரதிய நியாய சன்ஹிதாவின் 78ஆவது பிரிவு, பெண் விருப்பமில்லை என்று தெளிவாகக் காட்டிய பிறகும் ஒரு ஆண் திரும்பத் திரும்பப் பின்தொடர்வதையும் தொடர்பு கொள்வதையும், அவளுடைய இணையப் பயன்பாட்டைக் கண்காணிப்பதையும் குற்றமாக்குகிறது. அந்த ஒற்றைச் செய்தி அங்கே சான்றாக நிற்கும்.

உறவுக்குள் இருப்பவன் மிரட்டுகிறான், போனைப் பறிக்கிறான், செத்துவிடுவேன் என்கிறான் என்றால், பிரிவைத் தனியிடத்தில் நேரில் சொல்லப் போகாதீர்கள். முதலில் வீட்டில் ஒருவரிடம் சொல்லுங்கள், கடவுச்சொற்களை மாற்றுங்கள், போனில் இருப்பிடப் பகிர்வை நிறுத்துங்கள். ‘செத்துவிடுவேன்’ என்பதை அவன் வீட்டாருக்கோ அவசர உதவிக்கோ உடனே தெரிவியுங்கள். ஆனால் அதற்காகத் திரும்பிப் போக வேண்டியதில்லை. இந்தியாவில் பதினெட்டு வயதுக்குக் கீழ் என்றால் 1098, பெண்களுக்கு 181. இலங்கையில் சிறுவர்களுக்கு 1929, பெண்களுக்கு 1938.